முன் சென்றவரும் பின் வருபவரும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

நம் நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று சம வாய்ப்பு மையம். மற்றொன்று முன்னாள் மாணவர் சங்கம். பின்தங்கிய சூழலிலிருந்து வரும் மாணவருக்குத் துணை நிற்பதற்காக ஏற்பட்டது முதலாவது. படித்து முடித்து வெளியேறியவர்களைக் கல்லூரியோடு இணைத்து வைப்பதற்காக ஏற்பட்டது இரண்டாவது. இரண்டும் தனித்தனியே கூட்டம் கூடுகின்றன. தனித்தனியே திட்டம் தீட்டுகின்றன. தனித்தனியே அறிக்கை எழுதி அலுவலகத்தில் கொடுக்கின்றன. ஒன்றுக்கு வேண்டிய கருவி மற்றொன்றின் கையில் இருக்கிறது என்பதை இரண்டுமே எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு பணிகளும் ஒரே பணியாக வேண்டும் என்பது என் கருத்து. பழைய மாணவரிடம் கல்லூரி முதலில் கேட்க வேண்டியது நன்கொடை அன்று, வழித்துணை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருப்பவன் என்ற முறையில், அந்த வழித்துணையின் அருமையை அறிந்தே இதை எழுதுகிறேன்.

கதவு திறந்தது, பிறகு?

கல்லூரியின் கதவு நமக்குத் தானாகத் திறந்துவிடவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1951-ஆம் ஆண்டில், கல்லூரிச் சேர்க்கைக்கு வழிவகுத்திருந்த சென்னை அரசின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டிலேயே அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பின்னர் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கென 1993-இல் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது; 1994-இல் அது அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இடம்பெற்றது. இவற்றின் பயனைக் கணக்கிலும் காணலாம். மைய அரசின் 2021-22-ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோர் தொகையோடு ஒப்பிட உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 பேர். இந்திய அளவில் இது 28.4 மட்டுமே.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று கேட்கும் நாம், நிலைத்தவர் எத்தனை பேர் என்று கேட்கிறோமா? எங்கள் வகுப்பில் முதலாண்டுத் தொடக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பியபோது பின்வரிசையில் இரண்டு பெஞ்சுகள் காலியாக இருந்தன. போனவர்கள் யாரும் படிக்க வராதவர்கள் அல்லர். ஒருவன் என்னைக் காட்டிலும் நன்றாகக் கணக்குப் போடுவான். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் போனதைக் கல்லூரியில் யாரும் தடுக்கவில்லை என்பதைக் காட்டிலும், அவன் போனதே பல நாள் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சட்டம் கதவைத் திறந்து வைக்கும். கதவுக்கும் பெஞ்சுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சட்டம் மட்டுமே கடத்தி வைத்துவிடாது. அங்கே கைபிடித்து அழைத்துச் செல்ல ஒரு மனிதர் வேண்டும்.

கேட்பதற்கு ஓர் ஆள்

முதல் தலைமுறை மாணவனிடம் இல்லாதது எது? அறிவு என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஒப்பமாட்டேன். பணம் என்றால் பாதி ஒப்புவேன். அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய் என்றே இருந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டுமே. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. பணத்துக்கு ஏதோ ஒரு வழி பிறந்திருக்கிறது. உண்மையில் இல்லாதது ஒன்றுதான்: கேட்பதற்கு ஓர் ஆள்.

சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. வருமானச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. புதிதாக யாரிடம் வாங்குவது? கல்வி உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமானால் அந்தக் கணக்கை ஆதாருடன் இணைக்க வேண்டுமாமே, அதற்கு வங்கியில் என்ன சொல்லிக் கேட்பது? கலந்தாய்வு நாளில் இயற்பியல் இடம் தீர்ந்துவிட்டது, வேதியியலும் தாவரவியலும்தான் இருக்கின்றன என்கிறார்கள், எதை எடுப்பது? துணைப்பாடம் என்றால் என்ன? அகமதிப்பீட்டு மதிப்பெண் போனால் திரும்ப வருமா? வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடுவார்களா? ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் எல்லாமே போயிற்றா?

பட்டதாரிகள் உள்ள வீட்டில் இவையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது பேசித் தீர்க்கப்படும் செய்திகள். எங்கள் வீட்டில் என் தந்தையார் மண்டியில் மூட்டை தூக்குகிறார். தாயார் நூறு நாள் வேலைக்குப் போகிறார். அவர்கள் என்மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அளவில்லை. ஆயினும் செமஸ்டர் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான்தான் சொல்லித் தர வேண்டும்.

எனக்கு வழிகாட்டியவர் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். இதே கல்லூரியில் இயற்பியல் படித்தவர். என் விண்ணப்பத்தை நிரப்பியவர் அவர். எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நகல் எடுக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் நான் தவறியபோது, "தம்பி, எனக்கு மூணு அரியர் இருந்துச்சு. எழுதி முடிச்சேன். நீயும் முடிச்சிடுவே" என்று சொன்னவரும் அவரே. அந்த மூன்று வாக்கியங்கள் இல்லாவிட்டால் காலியான பெஞ்சுகளோடு என் இடமும் சேர்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு, முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும். சங்கத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. கல்லூரியின் மிகச் சிறந்த தூதர் ஒருவர், கல்லூரிக்கே தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

காத்திருக்கும் மையம்

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகள், உயர்கல்வி நிறுவனங்களில் சம வாய்ப்பு மையம் அமைய வேண்டும் என்றும், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலர் வேண்டும் என்றும் கூறின. நல்ல விதிகள். ஆனால் நண்பர்கள் பயிலும் பல கல்லூரிகளைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டவரை, மையம் என்பது ஒரு பெயர்ப்பலகையும் ஒரு புகார்ப் பெட்டியுமாகவே நின்றுவிடுகிறது. துன்பப்பட்டவன் தானே தேடி வந்து, தானே எழுதி, தானே பெட்டியில் போட வேண்டும். முதல் தலைமுறை மாணவன் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவன். அவனா புகார் எழுதுவான்? அவன் சத்தமில்லாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான்.

வெளியே சென்று மாணவரை அழைத்து வரும் பணியும் நடக்காமல் இல்லை. ஆனால் எப்போது நடக்கிறது? பொதுத் தேர்வு நெருங்கும் பிப்ரவரி மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய், தேர்வு பயத்தில் இருக்கும் பிள்ளைகளின் கையில் வண்ணத் தாள்களைக் கொடுத்துவிட்டு வருகிறோம். உண்மையான குழப்பம் தேர்வு முடிவு வந்த பிறகல்லவா தொடங்குகிறது! அப்போது பள்ளியும் இல்லை, ஆசிரியரும் அருகில் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, மகனை வேலைக்கு அனுப்புவதா என்று வீடுகளில் பேச்சு நடப்பது அந்த நாட்களில்தான்.

அரசு இதை உணர்ந்திருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தின்கீழ் 2022-இல் கல்லூரிக் கனவு என்னும் வழிகாட்டும் நிகழ்ச்சி தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் உயர்கல்வியில் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க உயர்வுக்குப் படி என்னும் முகாம்களும் நடந்தன. இவை மாவட்ட அளவில், பெரிய மண்டபங்களில் நடப்பவை. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு தாய் தன் மகளை 30 கிலோமீட்டர் தூரம் அனுப்பலாமா என்று தயங்கும்போது, அந்தத் தயக்கத்தை மேடைப் பேச்சு தீர்ப்பதில்லை. "நானும் இந்த ஏழரை மணிப் பஸ்ஸில்தான் மூணு வருஷம் போனேன், அத்தை. ஒண்ணும் பயமில்லே" என்று அதே தெருவில் பட்டம் பெற்ற ஒரு பெண் சொன்னால் தீரும். அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துத் தரக்கூடியது கல்லூரி மட்டுமே.

அழைக்கப்படாத முன்னாள் மாணவர்

இனி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு வருவோம். கல்லூரிகளை மதிப்பிட 1994-இல் ஏற்படுத்தப்பட்ட நாக் எனப்படும் தர மதிப்பீட்டு மன்றம், முன்னாள் மாணவர் பங்களிப்பையும் தன் அளவுகோல்களில் ஒன்றாக வைத்தது. இதனால் சங்கங்கள் முறையாகப் பதிவாயின; ஆண்டுக்கொரு கூட்டமும் உறுதியாயிற்று. மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் உற்சாகமும், மற்ற ஆண்டுகளில் உறக்கமும் என்ற நிலை பல இடங்களில் உண்டு.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? உயர் அலுவலர்கள், தொழிலதிபர்கள், வழக்கறிஞர்கள். அவர்கள் வருவது நமக்குப் பெருமையே. 2023-இல், தமிழக அரசு தமக்கு வழங்கிய 25 லட்சம் ரூபாய்ப் பரிசைச் சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், தாம் படித்த கல்வி நிறுவனங்களின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கே வழங்கினார். ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படிப்பிலிருந்து தொடங்கியவர் அவர். ஏறி வந்த ஏணியை மறவாத உள்ளம் அது.

ஆனால் 25 லட்சம் கொடுக்க எல்லாராலும் இயலுமா? நம் கல்லூரியில் படித்தவர்களில் பலர் காவலர்கள், சத்துணவு அமைப்பாளர்கள், பேருந்து நடத்துநர்கள், கடைக்காரர்கள், தனியார் பள்ளி ஆசிரியைகள், திருமணமாகி வெளியூர் போன பெண்கள். சங்கக் கூட்டம் என்றால் இவர்கள் நினைப்பது இரண்டே: மேடையில் பெரியவர்கள் இருப்பார்கள், கீழே ரசீதுப் புத்தகம் இருக்கும். ஆகவே வருவதில்லை. வராதவர்களுக்குப் பற்றில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

படிப்பைப் பாதியில் விட்டவர்களை நாம் முன்னாள் மாணவராகவே எண்ணுவதில்லை. இங்கே ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். கணித மேதை இராமானுஜன் 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். கல்லூரியை விட்டும் நீங்கினார். அங்கே அவர் பட்டம் பெறவில்லை. இன்று அந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவரே! பட்டம் வாங்கியவரே மாணவர் என்று ஏட்டை மூடியிருந்தால் இராமானுஜனுக்கு அதில் இடமில்லை. பாதியில் விட்ட அனைவரும் இராமானுஜன் ஆகிவிடுவர் என்று நான் வாதிடவில்லை. ஏன் விட நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தாம். அடுத்தவன் விடாமல் காக்க அந்த அறிவு வேண்டும் என்கிறேன்.

செய்யக்கூடியவை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆதலால் நடைமுறைக்கு ஏற்ற சில யோசனைகளை ஆசிரியப் பெருமக்கள் முன் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, முன்னாள் மாணவர் பதிவேட்டை ஆண்டு வாரியாக மட்டுமன்றி ஊர் வாரியாகவும், பேருந்துத் தடம் வாரியாகவும் எழுத வேண்டும். இந்தத் தடத்தில், இந்த நிறுத்தத்தில், நம் கல்லூரியில் படித்தவர் யார் என்று ஒரு பக்கத்தைப் புரட்டினால் தெரிய வேண்டும். பாதியில் விட்டவர் பெயரும், அவர் விருப்பம் கேட்டு, அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியான பின் வரும் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு தடத்திலும் ஒரு பழைய மாணவரும் இப்போது படிக்கும் இருவரும் சேர்ந்து ஊர்களுக்குச் செல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2024-இல் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது அவற்றில் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. அவர்களில் நம் கல்லூரியில் படித்தவரும் இருப்பர். அவர்களைக் கொண்டு தொடங்கலாம்.

மூன்றாவது, முதலாண்டு மாணவர் பத்துப் பேருக்கு ஒரு மூத்த மாணவரும் ஒரு பழைய மாணவரும் பொறுப்பேற்க வேண்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை பேசினால் போதும்.

நான்காவது, காரணமின்றித் தொடர்ந்து பத்து நாள் வராத மாணவரின் பெயர் வகுப்பாசிரியரிடமிருந்து சம வாய்ப்பு மையத்துக்குப் போக வேண்டும். அபராதத்துக்காக அன்று, வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்து வருவதற்காக. என் நண்பனின் வீட்டுக்கு அப்படி ஒருவர் போயிருந்தால்? அவன் தந்தையாரின் கால் முறிவுக்காகப் பட்ட 15,000 ரூபாய்க் கடன்தான் அவனைத் திருப்பூருக்கு அனுப்பியது என்பது வெளிப்பட்டிருக்கும். நன்கொடை உதவ வேண்டியது அங்கேதான்.

ஐந்தாவது, சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எவ்வளவு தொகை சேர்ந்தது என்பதற்கு முன்பாக, எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் நிலைத்தனர் என்ற இரண்டு எண்களைப் படிக்க வேண்டும். திட்டத்தின் வெற்றிக்கு அதுவே அளவுகோல்.

இதற்கு என்ன செலவாகும்? பேருந்துக் கட்டணமும் தேநீரும்தான்.

மறுப்புகளும் விடைகளும்

"இதெல்லாம் அரசின் கடமை அல்லவா? காலியிடங்களை நிரப்பினால் ஆசிரியரே மாணவரைக் கவனிப்பர்" என்று சிலர் கூறலாம். மெய்தான். ஆசிரியர் இல்லாத குறையைப் பழைய மாணவரைக் கொண்டு மூடக்கூடாது. அந்தக் கோரிக்கையை நாம் ஒருநாளும் விட வேண்டியதில்லை. ஆனால் எல்லா இடங்களும் நிரம்பிய கல்லூரியிலும், ஊரிலிருந்து முதலில் வருபவனுக்கு ஊரிலிருந்து முன்னே வந்தவன் தேவைப்படவே செய்வான்.

இன்னொரு மறுப்பு கனமானது. "பழைய மாணவரையும் புதிய மாணவரையும் இணைத்தால் அது சாதிவாரிக் கூட்டமாகிவிடாதா?" என்பது அது. இந்த அச்சம் வீணானதன்று. கைக்கயிற்றின் நிறத்தைக் கொண்டு நட்புத் தேடும் வழக்கம் பள்ளிகளிலேயே இருப்பதை நாம் அறிவோம். அதனால்தான் பேருந்துத் தடம் என்றும் பாடத்துறை என்றும் சொன்னேன். பஸ்ஸில் எல்லாத் தெருக்காரரும் ஏறுகிறார்கள். இணைப்பை அந்தந்தச் சங்கத்தார் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், துறைத் தலைவரும் சம வாய்ப்பு மையமும் சேர்ந்து செய்தல் வேண்டும். உதவித்தொகை பெறுவோர் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதோ, வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதோ அறவே கூடாது. உதவி பெறுபவன் தலைகுனிந்து பெறுவானாயின் அது உதவியே அன்று. மேல்தெருக்காரர் ஒருவர் கீழ்த்தெருப் பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதும், கீழ்த்தெருப் பட்டதாரி மேல்தெருப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதும் நடக்குமானால், சம வாய்ப்பு என்ற சொல்லுக்கு அன்றுதான் பொருள் கிடைக்கும்.

"யார் வருவார்கள்?" என்பது கடைசிக் கேள்வி. ரீசார்ஜ் கடை அண்ணனிடம் இதைக் கேட்டேன். "கூப்பிட்டா வர்றோம் தம்பி. இதுவரைக்கும் யாரு கூப்பிட்டாங்க?" என்றார். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது நாம்தான்.

மாணவ நண்பர்களே, இன்னும் சில வாரங்களில் மூன்றாம் ஆண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் மாற்றுச் சான்றிதழ் வாங்க அலுவலக வரிசையில் நிற்பார்கள். அன்றைய தினமே அவர்கள் முன்னாள் மாணவர் ஆகிவிடுகிறார்கள். அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுவோம். அதன்மேல் ஓர் ஏட்டை வைப்போம். பெயர், ஊர், பேருந்துத் தட எண், தொலைபேசி எண் என்று நான்கு கட்டங்கள் போதும். மேசைக்குப் பின்னால் உட்கார எங்கள் வகுப்பில் ஐவர் ஒப்புக்கொண்டிருக்கிறோம். கல்லூரி முதல்வர் அவர்களின் அனுமதியும், அந்த மேசையும்தான் இனி வேண்டும்.